எத்தனை குதிரை?

கதை எழுதுகிறவனுக்கும் ரம்பத்துக்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'அறுவை' என்றும் 'ரம்பம்' என்றும் 'பிளேடு' என்றும் எங்கள் தொழிலுக்கு அவர்கள் அன்புடன் வழங்கியிருக்கும் பட்டங்களைத் தச்சுப் பட்டறையிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஆகையால், நான் நிஜமாகவே ஒரு ரம்பம் வாங்கப் போகிறேன் என்று கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "இருக்கிறது போதாதா?" என்று விசாரித்தபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை.

நான் வாங்க நினைத்தது கையால் இழுக்கும் ரம்பம் அல்ல, மேஜை ரம்பம். இரும்பில் ஒரு மேஜை. அதன் நடுவில் ஒரு பிளவு. பிளவு வழியே பல் வைத்த வட்டத் தகடு ஒன்று பாதி நிலாவைப் போல எட்டிப் பார்க்கும். அடியில் மோட்டார். கை ரம்பத்தில் மரம் சும்மா கிடக்கும், ரம்பம் நடக்கும். இதிலோ ரம்பம் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க, மரம் நடந்து போய்த் தன்னை அறுத்துக்கொள்ளும். மரத்தை நடத்திக் கொண்டு போகிறவை நம்முடைய இரண்டு கைகள். தொல்லை எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டைப் பிரித்தபோது, என் பங்குக்குப் பணமாக வாங்கிக்கொள்ளாமல் மரமாக வாங்கிக்கொண்டேன். ஆறு தேக்கு உத்திரங்கள், இரண்டு தூண்கள், எட்டுக் கதவுப் பலகைகள், ஓர் ஊஞ்சல் பலகை. லாரியில் சென்னைக்கு வந்து சேர்ந்து, கார் இல்லாத என் கார் ஷெட்டை நிரப்பிக்கொண்டு கிடந்தன. மரவாடிக்காரர் ஒருவர் வந்து பார்த்து, உத்திரத்தின் முனையை நகத்தால் சுரண்டி முகர்ந்துவிட்டு, நல்ல விலை சொன்னார். கொடுக்க மனம் வரவில்லை. புத்தக அலமாரிகளும் எழுதுகிற மேஜை ஒன்றும் என் கையாலேயே செய்யவேண்டும் என்று ஒரு ஆசை. ஓய்வு பெற்ற வயதில் மனிதனுக்கு இப்படி ஏதாவது பிடித்துக்கொள்ளும் என்று என் மனைவி அதை மன்னித்துவிட்டாள். ஆனால் ஒரு விஷயம் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. கதையில் ஒரு பக்கம் சரியாக வரவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதலாம். பாட்டனார் காலத்து உத்திரத்தில் அடித்தல் திருத்தலுக்கு இடமில்லை. ஒரு முறை அறுத்தால் அறுத்ததுதான். அதே நியாயம் விரல்களுக்கும் உண்டு.

கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில், "எத்தனை எச்.பி. பார்க்கிறீங்க, சார்?" என்றார்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி, மோட்டார் சந்தையில் குதிரையை எண்ணுகிறார்கள். இந்தக் குதிரைக் கணக்கை உண்டாக்கியவர் ஜேம்ஸ் வாட். நீராவி யந்திரத்தை விற்பதற்காக, குதிரையை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் புரிகிற பாஷையில் ஒரு கணக்குச் சொன்னார்: நிமிஷத்துக்கு 33,000 ராத்தலை ஓர் அடி உயரம் தூக்கினால் ஒரு குதிரைத் திறன். இன்றைய மின்சாரக் கணக்கில் அது 746 வாட்ஸ். விற்பனைக்காகப் பிறந்த அளவு என்பதாலோ என்னவோ, அதற்கு இன்றுவரை விற்பனைக்காரர்களிடம் தனிப் பிரியம் இருக்கிறது. அந்தக் கடையில் ஒரு சிறிய யந்திரத்தின் நெற்றியில் '5 எச்.பி.' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் செருகினால் போதுமாம்.

நான் கணக்கில் புலி அல்ல. இருந்தாலும் பெருக்கல் தெரியும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட்ஸ். ஒரு சொட்டு மின்சாரம்கூடச் சூடாகவும் சத்தமாகவும் வீணாகாமல் முழுவதும் வேலையாக மாறினாலும் ஐந்து குதிரைக்குக் கொஞ்சம் குறையும். எந்த மோட்டாரும் அப்படி வீணாக்காமல் இருந்ததில்லை. ஆகவே அந்த ஐந்தாவது குதிரை பெட்டியின் மேல் மட்டும் ஓடுகிற குதிரை. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அது பீக் எச்.பி., சார்" என்றார். மோட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் காட்டுகிற பலத்தைக் குறிக்கிற பெயர் அது. ஒரு கணத்துக்குள் உத்திரத்தை அறுக்க முடியாது என்பதால் நான் வீடு திரும்பினேன்.

மறுநாள் ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினேன். எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்னால் சட்டம் போட்டவர் அவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். கண்ணாடி போட்டுக்கொண்டாலும் மட்டப் பலகையை நம்பாமல் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பவர். அவருடைய வலது ஆள்காட்டி விரல் இரண்டாவது கணுவோடு நின்றுவிடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"என்ன மோட்டார் வாங்கலாம், ஆசாரி?" என்றேன்.

"என்ன மரம் அறுக்கப் போறீங்க, ஐயா?" என்றார் அவர். தேக்கு என்பது அவருக்குத் தெரியும், எதிரிலேயே கிடந்தது. அவர் கேட்டது வேறு: எவ்வளவு கனம், நெடுக்காகவா குறுக்காகவா, தினமுமா என்றைக்கோ ஒரு நாளா? பிறகு தம் கையை நீட்டிக் காட்டி, "இத்தனை வருசம் இந்தக் கைதானே மோட்டாரு? இது எத்தனை குதிரை?" என்று சிரித்தார்.

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆரோக்கியமான மனிதன் மணிக்கணக்கில் இடைவிடாமல் செய்யக்கூடிய வேலை ஏறக்குறைய 75 வாட்ஸ். அதாவது பத்தில் ஒரு குதிரை. பள்ளம் தோண்டி, மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்று பெரிய மரங்களைப் பலகையாக இழுத்த காலத்தில் இரண்டு பேருமாகச் சேர்ந்து கால் குதிரைகூட இல்லை. எங்கள் பாட்டனார் வீட்டு உத்திரங்கள் அப்படி அறுபட்டவைதாம். அவற்றின் பக்கவாட்டில் சாய்வான கோடுகள் கீழும் மேலுமாக இன்னும் தெரிகின்றன. விரலால் தடவினால் இரண்டு மனிதர்களின் மூச்சு தட்டுப்படுகிற மாதிரி இருக்கும்.

ஆகவே அறுப்பதற்கு எத்தனை குதிரை வேண்டும் என்ற கேள்விக்கு, எவ்வளவு அவசரம் என்ற கேள்விதான் பதில். மரத்தை அறுப்பது என்பது, ரம்பத்தின் கன அளவுக்கு மரத்தைத் தூளாக்கி வெளியே தள்ளுவது. ஒரு நிமிஷத்தில் எவ்வளவு தூள் பண்ணுகிறோமோ அவ்வளவு சக்தி செலவாகும். கனமான மரம் என்றால் தூள் அதிகம். வேகமாகத் தள்ளினால் தூள் அதிகம். தடித்த பிளேடு என்றால் தூள் அதிகம். சாதாரணமான பத்தங்குல பிளேடு அறுக்கும் பள்ளம் ஒரு நூல் அகலம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மெல்லிய பிளேடு என்று தனியாக விற்பது முக்கால் நூல். பணம் கொடுத்துப் பெரிய மோட்டார் வாங்காமல், பிளேடை மாற்றியே வேலையில் கால் பங்கைக் குறைத்துக்கொண்டு விடலாம். போதாததற்குப் பாட்டனார் மரமும் கால் பங்கு மிச்சம். இந்தச் சங்கதியைக் கடைக்காரர் சொல்லவில்லை. சிறிய பிளேடில் அவருக்கு என்ன லாபம்?

மோட்டாரில் இரண்டு ஜாதி உண்டு. வீட்டுப் பெண்மணிகளுக்கு இரண்டும் நெருங்கிய பழக்கம். மிக்ஸியில் இருப்பது ஒன்று: சிறிய உடம்பு, பெரிய கூச்சல், தலை தெறிக்கிற ஓட்டம், கெட்டியாக ஏதாவது போட்டால் முனகிக்கொண்டு வேகம் குறைந்துவிடும். மாவரைக்கும் கிரைண்டரில் இருப்பது மற்றொன்று: கனத்த உடம்பு, அடங்கிய குரல், மாவு கெட்டியானாலும் ஏறக்குறைய ஒரே நடை. தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறவருக்கு மிக்ஸி ஜாதி மேஜை ரம்பம் சௌகரியம். ஓரிடத்தில் நிறுத்தி வைத்து, பக்கத்து வீட்டாரோடு சுமுகமாக இருக்க விரும்புகிறவனுக்குக் கிரைண்டர் ஜாதிதான் உகந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் ரத்த அழுத்தக்காரர். அத்துடன் அந்த விசாரணை முடிந்தது.

கிரைண்டர் ஜாதியில் ஒரு விசேஷம்: அதன் வேகத்தை நிர்ணயிப்பது மோட்டார் அல்ல, மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை திசை மாறி மாறி வருகிறது. அதனால் நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்பது உச்ச வரம்பு. பாரம் இழுக்கும்போது அதில் கொஞ்சம் வழுக்கி 2,850-ஐ ஒட்டி நிற்கும். இன்னும் சாதுவான மோட்டார் 1,440-ல் சுற்றும். அமெரிக்காவில் 60 தடவை. அங்கே அதே ஜாதி மோட்டார் 3,450 சுற்றுகிறது. தச்சு வேலையைப் பற்றி வரும் ஆங்கிலப் புத்தகங்களில் பெரும்பாலானவை அவர்கள் எழுதியவை. அவர்கள் சொல்கிற புல்லியை வாங்கி இங்கே மாட்டினால், அவர்களுக்கு 4,000 சுற்றுகிற பிளேடு நமக்கு 3,300 சுற்றும். அப்படி மாட்டிவிட்டு, மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று இன்னும் பெரிய மோட்டார் தேடி அலைகிற மனிதர்களை எனக்குத் தெரியும்.

சுற்று எண்ணிக்கையும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. திருவிழா ராட்டினத்தில் நடுக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிற பையனுக்கும் ஓரக் குதிரையில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கும் சுற்று ஒன்றுதான். ஆனால் வயிறு கலங்குவது ஓரத்துப் பையனுக்கு. மரத்தைத் தொடுவது ஓரத்தில் இருக்கும் பல். ஆகவே ஓரத்தின் வேகத்தைப் பார்க்கவேண்டும். பத்தங்குல பிளேடு ஒரு சுற்றுக்கு முப்பத்தொன்றரை அங்குலம், அதாவது 80 சென்டிமீட்டர் ஓடுகிறது. 2,850 சுற்றில் அதன் பல் மணிக்கு 136 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 4,000 சுற்றில் 191 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயில் 2018-ல் சோதனை ஓட்டத்தில் தொட்ட வேகமே 180 தான். பிளேடு நின்ற இடத்திலேயே சுற்றுவதால் நாம் அதை ரயிலாக நினைப்பதில்லை. தண்டவாளத்தில் கை வைக்கத் துணியாதவர்கள் எல்லாம் இதன் பக்கத்தில் கை வைக்கிறார்கள்.

அப்படியானால் மெதுவாகவே சுற்ற விட்டால் என்ன என்று கேட்டேன். ஆசாரி கதவுப் பலகையின் துண்டு ஒன்றை எடுத்து, அறுபட்ட விளிம்பைக் காட்டினார். மெதுவாகப் போகும் பல் ஒவ்வொன்றும் பெரிய வாயாகக் கடிக்கும். விளிம்பு சொரசொரப்பாகும், மரம் குதிக்கும். அதிக வேகம் என்றால் வழவழப்பு. மிதமிஞ்சிய வேகமோ, அல்லது அதே வேகத்தில் மிதமிஞ்சிய பற்களோ இருந்தால் இன்னொரு துன்பம் வருகிறது. பல் மரத்தைக் கடிக்காமல் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறது.

இதையும் போட்டுப் பார்க்கலாம். நிமிஷத்துக்கு மூன்று மீட்டர் வீதம் மரத்தைத் தள்ளுகிறோம். பிளேடு 4,000 சுற்று, பல் 24. நிமிஷத்தில் 96,000 பற்கள் மரத்தைத் தொடுகின்றன. ஒரு பல்லுக்குக் கிடைக்கும் கவளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. சிறிய கவளம்தான், ஆனால் கவளம். அதே இடத்தில் 80 பல் பிளேடை மாட்டினால் ஒரு பல்லுக்கு நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. முறுக்கை ஈறால் மெல்லுகிற கதைதான். மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது, வாய் மட்டும் எரியும். மரமும் எரிகிறது. தேக்கின் விளிம்பில் கறுப்புக் கோடு விழுந்து, வறுத்த வாசனை வரும். "பல்லு நெறைய இருந்தா நைஸா வரும்னு வாங்குவாங்க, ஐயா. அது பிளைவுட்டுக்கு, குறுக்கு அறுப்புக்கு. நெடுக்கு அறுப்புக்கு ஆகாது" என்றார் ஆசாரி. நெடுக்கே நார் நாராகத்தான் தூள் வரும். அது தங்குவதற்குப் பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் இடம் வேண்டும். 24 பல் அதற்கு. 60-ம் 80-ம் மற்றதற்கு. இரண்டையும் ஒரே பிளேடில் முடிக்கவேண்டும் என்றால் 40.

தேக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. பார்வைக்கு எண்ணெய்ப் பசையோடு சாதுவாக இருக்கும். உள்ளே மணலின் சத்து கலந்திருக்கிறது. சாதாரண எஃகுப் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். டங்ஸ்டன் கார்பைடு நுனி வைத்த பல்தான் தாங்கும். மழுங்கின பல்லைத் தீட்டாமல் மோட்டாரை மாற்றுவது, தேய்ந்த செருப்போடு நடக்கமுடியவில்லை என்று காலை மாற்றுவது போல.

வட்ட ரம்பத்தை முதலில் யார் நினைத்தார்கள் என்பதில் வழக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் 1777-ல் அதற்கு உரிமைப் பத்திரம் வாங்கியிருக்கிறார். அமெரிக்காவில் ஷேக்கர் என்ற சமயக் கூட்டத்தைச் சேர்ந்த டபிதா பாபிட் என்ற அம்மாள், 1813-ல், இரண்டு ஆட்கள் ரம்பம் இழுப்பதில் பாதி இழுப்பு வீணாவதைப் பார்த்து, நூல் நூற்கும் ராட்டையைப் போலப் பல்லும் வட்டமாகச் சுற்றினால் என்ன என்று யோசித்தாராம். சரித்திரக்காரர்கள் மில்லர் பக்கம். கதைக்காரனாகிய எனக்கு அம்மாளைத்தான் பிடித்திருக்கிறது.

இனி விரலுக்கு வருகிறேன்.

நம் ஊரில் கட்டடம் நடக்கும் இடங்களில் ஒரு காட்சி சர்வ சாதாரணம். டைல்ஸ் அறுப்பதற்கென்று செய்த கையடக்கக் கட்டர் ஒன்றை எடுத்து, நாலங்குல மர பிளேடு மாட்டி, பிளைவுட் பலகை ஒன்றில் பிளவு செய்து, கட்டரைத் தலைகீழாக அடியில் முடுக்கிவிடுவார்கள். ஸ்விட்சை ஒரு துண்டுக் கயிற்றால் கட்டிவிட்டால் ஏழை வீட்டு மேஜை ரம்பம் தயார். இதன் மோட்டார் ஒன்றரைக் குதிரை தேறும். 'சின்னதுதானே' என்று தோன்றும். ஆனால் இது நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றை ஒட்டிச் சுற்றுகிறது. ஓரத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர். பெரிய யந்திரத்தைவிட இந்தக் குட்டி அதிக வேகம். மூடி கிடையாது. மரத்தை நேராகப் பிடித்துப் போகிற கைடு கிடையாது. பின்னால் நிற்க வேண்டிய தகடும் கிடையாது.

அந்தத் தகடு என்ன என்று சொல்லவேண்டும். நெடுக்கே அறுக்கும்போது மரம் உள்ளுக்குள் அடக்கி வைத்திருந்த இறுக்கம் விடுபட்டு, அறுபட்ட இரண்டு பாதிகளும் சில சமயம் ஒன்றை ஒன்று நாடி மூடிக்கொள்ளும். பிளேடின் முன்பக்கம் மரத்தை மேஜையை நோக்கி அழுத்துகிறது. பின்பக்கத்துப் பற்களோ கீழிருந்து மேலே எழும்புகின்றன. மூடிக்கொண்ட மரத்தை அந்தப் பின் பற்கள் கவ்வினால், தூக்கி, அறுப்பவனை நோக்கி வீசிவிடும். வீசும் வேகம் பல்லின் வேகத்தை நெருங்கும். இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னாலேயே, மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு. இரண்டு பாதிகளையும் சேர விடாமல் பிரித்து வைப்பது ஒன்றுதான் அதன் உத்தியோகம். மரம் பறக்கும்போது அதைப் பிடித்திருந்த கை எங்கே போகும் என்பதுதான் விஷயம். மரம் இருந்த இடத்தில் மரம் இல்லை. கை, தள்ளின வேகத்திலேயே, முன்னால் போகும்.

ஆசாரிக்கு நடந்தது அதுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், சென்னைக்கு வெளியே ஒரு கட்டடத்தில். சாயங்காலத்துக்குள் பீடிங் சட்டம் நூறு அடி வேண்டும் என்று காண்டிராக்டர் நின்றுகொண்டிருந்தார். "வலி உடனே தெரியலீங்க, ஐயா. கை மேலே காத்து பட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் பார்த்தேன்" என்றார். காண்டிராக்டர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தாராம். அந்த வாரத்துக் கூலியில் கழித்துக்கொண்டார் என்பதையும் ஆசாரி கோபம் இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. அவருடைய மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. "வர வேண்டாம்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

4,000 சுற்றில் 24 பல் பிளேடு விநாடிக்கு 1,600 பற்களை அனுப்புகிறது. கண் சிமிட்டும் நேரத்தில் நூற்றுக்கு மேல். 'சட்டென்று கையை எடுத்துவிடுவேன்' என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணை ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம். மனிதனால் ஆகாத இந்தக் காரியத்தை யந்திரத்தைக் கொண்டே செய்வித்த ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். ஸ்டீவ் காஸ் என்று பெயர். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, வக்கீலாக இருந்தவர். 1999-ல் அவருக்கு இந்த யோசனை உதித்தது. பிளேடில் மெல்லிய மின் துடிப்பு ஒன்றை ஓடவிடுகிறார். மரம் பட்டால் அது மாறாது; ஈரமுள்ள மனித உடம்பு பட்டால் மாறும். மாறிய மறுகணம் ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பற்களில் சிக்கிக்கொள்ளும். ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடியில் பிளேடு நின்றுவிடும். அதாவது மூன்றில் ஒரு சுற்றுக்குள். விரலில் ஒரு கீறல் மிஞ்சும். பிளேடும் கட்டையும் அத்துடன் குப்பைக்கு. 'ஸாஸ்டாப்' என்ற அந்த ரம்பத்தைப் பற்றி ஆசாரியிடம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விலை என்னங்க?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

எனக்கும் அந்த விலை கட்டாது. ஆகவே கட்டுகிற விலையில் என்ன செய்வது என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம்.

உத்திரங்கள் ஆறும் ஆறங்குலச் சதுரம். பத்தங்குல பிளேடை முழுவதும் உயர்த்தினாலும் மேஜைக்கு மேல் மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத்தான் எழும்பும். உத்திரத்தை அறுப்பதற்கென்று ஐந்து குதிரையும் பதினாறு அங்குல பிளேடும் மூன்று பேஸ் மின்சாரமும் வாங்கி வைத்தால், ஆறு நாள் வேலைக்காக ஆயுள் முழுவதும் யானையைக் கட்டித் தீனி போட்ட மாதிரி. அந்த உத்திரங்களை மரவாடிக்குப் பக்கத்து அறுவை மில்லுக்கு அனுப்பினோம். அங்கே நாடா போல ஓடும் பட்டை ரம்பம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன், பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை வைத்து ஆசாரி ஒவ்வொரு மரத்தையும் அங்குலம் அங்குலமாகத் தடவினார். பட்டறையில் அடித்த பழங்காலத்து ஆணிகள் பதினேழு வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஒரு பிளேடுக்கு எமன். மில்லில் ஒன்றேகால் அங்குலப் பலகைகளாக இழுத்துக் கொடுத்தார்கள்.

ஒன்றேகால் அங்குலத் தேக்கை, நிமிஷத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் நடையில், 24 பல் மெல்லிய பிளேடால் அறுப்பதற்கு ஒன்றரைக் குதிரை போதும். இரண்டு வாங்கினேன். காரணம் எங்கள் தெருவின் மின்சாரம். கோடைகாலச் சாயங்காலங்களில் ஊரெல்லாம் ஏ.ஸி. போட்டதும் 230 வோல்ட் 200-க்கு இறங்கிவிடும். வோல்டேஜ் குறைகிற விகிதத்தைவிட மோட்டாரின் இழுவை இன்னும் அதிகமாகக் குறையும். 200-க்கு வந்தால் ஏறக்குறைய கால் பங்கு இழுவை போய்விடுகிறது. இரண்டில் கால் போனால் ஒன்றரை. அந்த அரைக் குதிரை மின்சார வாரியத்துக்காக. இரண்டு குதிரை ஓடும்போது பத்து ஆம்பியரை ஒட்டி இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. ஆகையால் பழைய ஒயரை நம்பாமல் மெயினிலிருந்து தனி ஒயர், தனி எர்த், கசிவு வந்தால் துண்டித்துவிடும் ஸ்விட்ச் எல்லாம் போடச் சொன்னேன். எலெக்ட்ரீஷியன், "ஒரு ரம்பத்துக்கா சார்?" என்றார். ஒரு ரம்பத்துக்குத்தான்.

மேஜையும் சாஃப்டும் தனி, மோட்டார் தனி, புல்லி தனி என்று வாங்குகிற வழக்கம் நம் ஊரில் இன்னும் இருப்பது பெரிய சௌகரியம். வேகத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம். 2,850 சுற்று மோட்டாருக்கு மூன்றரை அங்குலப் புல்லி, பிளேடு சாஃப்டுக்கு இரண்டரை அங்குலப் புல்லி. பெருக்கி வகுத்தால் 3,990. இதே வேகத்தை 1,440 மோட்டாரில் எடுக்கவேண்டும் என்றால் ஏழங்குலப் புல்லி தேவைப்படும்; மேஜைக்கடியில் அதற்கு இடம் இல்லை. பிளேடின் மேல் அது தாங்கக்கூடிய உச்ச வேகம் பொறித்திருக்கும். என்னுடையதில் 6,000-க்கு மேல். 'இன்னும் சின்னப் புல்லி போட்டால் 5,000 கிடைக்குமே' என்று லேத் பட்டறைக்காரர் ஆசை காட்டினார். கிடைக்கும். ஆனால் வேகம் கூடின அளவுக்குப் பிளேடு சாஃப்டின் இழுவை குறையும். என் கைநடைக்கு மரமும் கருகும். வேண்டாம் என்றேன்.

முதல் பலகையை நானே தள்ளினேன். ஆசாரி எதிரில் நிற்கவில்லை; பிளேடின் நேர்கோட்டை விட்டு ஒதுங்கி, என் இடது தோளருகில் நின்றார். முழுக்கைச் சட்டையை மடிக்கச் சொன்னார். வேஷ்டி வேண்டாம், கால்சட்டை. தோளில் துண்டு கூடவே கூடாது. கையுறையும் கூடாது, நூல் ஒன்று சிக்கினால் கையையும் கூட்டிக்கொண்டு போகும். கடைசி ஒரு அடியைக் கையால் தள்ளாமல், நுனியில் வெட்டு வைத்த தள்ளுகோலால் தள்ளச் சொன்னார். அந்தக் கோலை ஊஞ்சல் பலகையின் ஓரச் சிம்பிலிருந்து அவரே செதுக்கிக் கொடுத்திருந்தார். மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளச் சொன்னது நான். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-ல் அறிவித்ததை அவருக்குச் சொன்னேன். ஐம்பது வருஷமாக அதைச் சுவாசித்தவர், மரியாதைக்காகக் கட்டிக்கொண்டார்.

மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன பாடம். சத்தம் கனத்தால் அவசரப்படுகிறோம். சத்தம் மாறாமல் புகை வாசனை வந்தால் தயங்குகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுருதி இருக்கிறது. பலகை முடிந்து ஸ்விட்சை அணைத்ததும் நான் துண்டை எடுக்கக் கையை நீட்டினேன். "சத்தம் போயிடுச்சு, பல்லு இன்னும் போகலீங்க" என்று ஆசாரி தோளைப் பிடித்தார். பிளேடு நிற்க நிஜமாகவே பல விநாடிகள் ஆயின. அது சுற்றுவதே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கருகல் இல்லை, இழைப்புளிக்கு மிகக் கொஞ்சம் வேலைதான் மிச்சம். பலகையின் மற்றொரு பக்கத்தில் பழைய ஆட்கள் இழுத்த சாய்வுக் கோடுகள் அப்படியே இருந்தன. அந்தப் பக்கத்தை இழைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அலமாரியின் உள்பக்கமாக, புத்தகங்களுக்குப் பின்னால் அது இருக்கும்.

என் மனைவி இதையெல்லாம் ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆசாரி புறப்படும்போது அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "ஸ்விட்சுப் பெட்டிக்குப் பூட்டு உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றார். சாவியை வாங்கி அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கோடை விடுமுறைக்குப் பேரன் வரப்போகிறான் என்று காரணம் சொன்னாள். பேரன் வந்துவிட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. சாவி இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலையில் கேட்டால் கொடுக்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொக்குகிற வேளையில் கேட்டால் கொடுப்பதில்லை.